தர்பூசணிக்குத் தண்ணீர்: கொடி காட்டும் அறிகுறியும் செய்ய வேண்டியதும்

தண்ணீர் போதாவிட்டால் தர்பூசணி இலை தொங்கும். மிஞ்சிப் போனாலும் அதே மாதிரித்தான் தொங்கும். வேரில் பூஞ்சணம் பிடித்தாலும் தொங்கும். இலையை மட்டும் பார்த்து இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாடிய கொடியைக் கண்டதும் நம் கை நேராகக் குழாய்க்குத்தான் போகிறது. தேடிப் பிடித்து வாங்கிய பாரம்பரிய விதை முளைத்து, இரண்டு மாதம் வளர்ந்து, பிஞ்சு விட்ட நேரத்தில் வேர் அழுகிச் சாவது பெரும்பாலும் இப்படித்தான். என் முதல் கொடியையும் நான் இப்படித்தான் இழந்தேன்.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடித்தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கைக்கொத்தால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டுங்கள். அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர்கிறதா? பதம் சரி. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அளவு மிஞ்சிவிட்டது. மணல் மண் ஈரமாக இருந்தாலும் உருண்டை சரியாக நிற்காது. அங்கே மண்ணின் நிறத்தையும், கைக்குத் தெரியும் குளிர்ச்சியையும் வைத்துச் சொல்லலாம். மேல்மண்ணைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். மேலே பொருக்கு வெடித்துக் கிடக்கும்போது அடியில் சேறாக இருப்பதும் உண்டு. மேலே நனைந்து மினுங்க, ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே தூசி பறப்பதும் உண்டு.

இவ்வளவு ஆழம் ஏன் பார்க்க வேண்டும் என்றால், தர்பூசணியின் காட்டு உறவுகள் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வளர்பவை. ஈரத்தைத் தேடிப் போவது இந்த வேரின் இயல்பு. நேரடியாக மண்ணில் ஊன்றிய விதையின் ஆணிவேர் ஒரு மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். தண்ணீரை உறிஞ்சும் பக்க வேர்களில் பெரும்பகுதி மேலுள்ள 30 முதல் 60 செ.மீ. மண்ணில் பரந்து கிடக்கும். நாம் ஊற்றும் தண்ணீர் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளரும் கொடிக்கு வாரத்துக்கு 25 மி.மீ., காய் பருக்கும் காலத்தில் வெயிலும் கடுமையாக இருந்தால் 50 மி.மீ. வரை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். ஆக, ஒரு கொடியின் வேர்ப் பரப்பைச் சுமார் ஒரு சதுர மீட்டராக எடுத்துக்கொண்டால் வாரத்துக்கு 25 முதல் 50 லிட்டர். களிமண்ணில் இதை இரண்டு தடவையாகக் கொடுக்கலாம். மணல் மண்ணில் மூன்று நான்கு தடவையாகப் பிரிக்க வேண்டும். குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரியாவிட்டால் 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். வாளி 50 நொடியில் நிறைந்தால், 2 நிமிடத்தில் 24 லிட்டர் கொடுக்கிறீர்கள். இந்தக் கணக்கு ஆரம்பத்துக்குத்தான். அதற்கு மேல் குழி சொல்வதைக் கேளுங்கள்.

நடுப்பகலில் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது

இது நோயும் இல்லை, தாகமும் இல்லை. அகலமான இலைகள் உச்சி வெயிலில் வெளியே விடும் ஈரத்துக்கு ஈடாக வேரால் அந்த வேகத்தில் அனுப்ப முடிவதில்லை. அதனால் கொடி இலையைத் தொங்கவிட்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்கிறது. பாரம்பரிய ரகங்கள் பலவும் மூன்று மீட்டருக்கும் மேல் கொடி ஓடி, இலையை வாரி இறைப்பவை. அவற்றில் இந்த மதிய வாட்டம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

இந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஊற்றிய பிறகு மாலையில் கொடி நிமிரும். தண்ணீரால்தான் நிமிர்ந்தது என்று நமக்குத் தோன்றும். மறுநாளும் ஊற்றுவோம். ஒரு வாரத்தில் வேர்ப்பகுதி சேறாகிவிடும். ஊற்றாமல் இருந்திருந்தாலும் அது நிமிர்ந்திருக்கும். மதியம் வாடிய கொடிக்கான தீர்ப்பை மறுநாள் காலையில் சூரியன் ஏறுவதற்குள் எழுதுங்கள். அப்போது இலை விறைப்பாக இருந்தால் கவலை இல்லை.

வாட்டம் ஒவ்வொரு நாளும் முந்திக்கொண்டே வருகிறது, நேற்று 12 மணிக்கு வாடியது இன்று 10 மணிக்கே வாடுகிறது என்றால் மறுபடி குழி தோண்டிப் பாருங்கள். வேரடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போட்டால் இந்த மதிய வாட்டம் கணிசமாகக் குறையும். தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

காலையிலேயே வாடிக் கிடக்கிறது, மண் காய்ந்திருக்கிறது

இது உண்மையான தாகம். ஆனாலும் ஒரே மூச்சில் ஊற்றித் தீர்க்க வேண்டாம். முற்றிலும் காய்ந்த மண், அதிலும் மக்கு உரம் நிறையக் கலந்த மண், தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிவிடும். ஊற்றியது பாத்தி ஓரமாக ஓடிப் போகும், நாமோ ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். முதலில் பூவாளியால் 2 லிட்டர் அளவுக்கு மெதுவாக நனையுங்கள். 15 நிமிடம் விடுங்கள். அப்புறம் இன்னொரு சுற்று, பிறகு மூன்றாவது சுற்று. முதல் சுற்று மண்ணின் வாயைத் திறந்துவிடும், அடுத்தடுத்த சுற்று உள்ளே இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குழி தோண்டி, ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கொடியில் பெரிய காய்கள் இருந்தால் இதை இன்னும் நிதானமாக, இரண்டு மூன்று நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். காரணம் காய் வெடிப்பது பற்றிய பகுதியில் இருக்கிறது.

தண்ணீரைத் தண்டின் அடியிலேயே ஊற்றுவதும் பலருக்குப் பழக்கம். நாற்றாக இருந்தபோது அது சரி. கொடி ஓட ஆரம்பித்த பிறகு உறிஞ்சும் வேர்கள் ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கின்றன. கொடி வளர வளரத் தண்ணீர் வட்டத்தையும் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். சொட்டு நீர் என்றால் ஒரு கொடிக்கு ஒரே சொட்டுவாய் போதாது. இரண்டு மூன்றைப் பரப்பி வையுங்கள்.

தினமும் தோட்டத்துக்குப் போக முடியாதவர்களுக்கு நான் சொல்வது புதைத்த மண்பானை. மெருகு பூசாத பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், சுற்றியுள்ள மண் காயக் காயப் பானை கசியும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் குறிப்புகளிலேயே, புதைத்த பானையைச் சுற்றி முலாம் இனக் கொடிகளை நடும் முறை இருக்கிறது. இதில் மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும். தர்பூசணிக்கு அதைவிட நல்லது வேறில்லை.

காலையிலேயே வாடிக் கிடக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது

இங்கேதான் தண்ணீரை நிறுத்த வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து காற்று போய்விட்டால் வேர் மூச்சு முட்டும், பிறகு அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே கொடி தாகத்தால் வாடுகிறது. குழியில் தெரியும் சின்ன வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் உருவி வந்து, மண்ணும் நாற்றமடித்தால் நிலைமை மோசம்.

மூடாக்கை எடுத்துவிட்டு மண்ணில் வெயில் படவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் கீறுங்கள். வேரை அறுக்காமல், மேல் 3 செ.மீ. மண்ணை மட்டும் பொலபொலப்பாகக் கிளறிவிடுங்கள். இந்த நேரத்தில் உரம் வேண்டாம்; நொந்த வேருக்கு அது பாரம். 15 செ.மீ. ஆழத்தில் மண் உதிரும் பதத்துக்கு வரும்வரை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். கொடி பிழைத்தால் நுனியில் புதுத்தளிர் வரும். அடுத்த தடவை, ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் விதை ஊன்றுங்கள். களிமண் தோட்டத்தில் பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு கிளை மட்டும் வாடுகிறது

தண்ணீர்ப் பிழை என்றால் கொடி முழுக்கத் தெரிய வேண்டும். மூன்று கிளை நன்றாக இருக்க, ஒன்று மட்டும் வாடி, சில நாளில் அடுத்ததும் வாடினால் ஃபியூசேரியம் வாடல் நோயைச் சந்தேகியுங்கள். வாடிய கிளையை அடியில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே குழாய்த் திசுக்கள் பழுப்பாக இருந்தால் அதுதான். தண்ணீர் கூட்டியும் குறைத்தும் பயன் இல்லை. பழைய ரகங்கள் பலவற்றுக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி கிடையாது. கொடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். மக்குக் குழியில் போடாதீர்கள், அதிலிருந்து விதையும் எடுக்காதீர்கள். இந்தப் பூஞ்சணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதே ரகத்தை அதே இடத்தில்தான் வளர்க்க வேண்டும் என்றால், சுரை வேரில் ஒட்டுக்கட்டுவது ஒரு வழி. ஜப்பானிலும் கொரியாவிலும் 1920களின் இறுதியிலேயே இந்த நோய்க்காக ஒட்டுக்கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வெட்டுவதற்கு முன் கிளையின் அடியில் ஒரு தடவை பாருங்கள். மிதிபட்டு நசுங்கியிருக்கலாம், களை எடுக்கும்போது கீறியிருக்கலாம்.

விதை முளைக்கவில்லை, முளைத்த நாற்று அடியில் சுருங்கிச் சாய்கிறது

இரண்டுக்கும் காரணம் குளிர்ந்த ஈர மண். தர்பூசணி விதைக்கு மண்ணின் வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பாரம்பரிய விதைகள் பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லி பூசாமல் கைக்கு வருபவை, சேற்றில் சீக்கிரம் அழுகிவிடும். மண்ணை முதல் நாளே நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளை தெரியும்வரை மேல்மண் காயாமல் தெளித்தால் போதும். சாய்ந்த நாற்று பிழைக்காது. மீதமுள்ளவற்றுக்குக் காற்றும் வெயிலும் கொடுத்து, தண்ணீரைக் காலை வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடி இலைகள் ஒரே சீராக வெளுத்து, மண்ணும் எப்போதும் நனைந்தே இருந்தால் தண்ணீர் மிச்சம். மணல் மண்ணில் அடிக்கடி ஊற்றுவது தழைச்சத்தைக் கீழே அடித்துக்கொண்டு போய்விடும், அதுவும் அடி இலையில்தான் முதலில் தெரியும். இலை முழுக்க ஊசிக் குத்தாக வெளிறி, கீழ்ப்பக்கம் மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். காய்ந்து தூசி படிந்த கொடியைத்தான் அது விரும்பித் தாக்கும். ஒரு காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவி, மாலைக்குள் காயவிடுங்கள்.

மூன் அண்ட் ஸ்டார்ஸ் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1926-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த ரகத்தின் காயில் மட்டுமல்ல, இலையிலும் மஞ்சள் புள்ளிகள் பிறவியிலேயே உண்டு. அது நோயல்ல. நாற்றிலேயே புள்ளி தெரிந்தால் நல்ல விதை கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

இலையில் வெள்ளை மாவு படிந்திருந்தால் சாம்பல் நோய். அது பரவ இலை நனைய வேண்டியதில்லை. மாறாக, பழுப்புப் புள்ளி விழுந்து கருகும் நோய்கள் பலவும், தண்டில் பிசின் வடியும் அழுகலும், ஈர இலையில் பரவுபவை. தெளிப்பானை விட்டு வேருக்கு மாறினால் இவை குறையும்.

இலை ஓரம் மட்டும் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறதென்றால் உப்புத் தண்ணீர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். மழைநீர் சேர்த்து வைத்திருந்தால், மாதம் ஒருமுறை அதை நிறைய விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்கலாம்.

பூ வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அவை உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. அது ஒரே ஒரு நாள், காலையில் திறந்திருக்கும். ஒரு காய் ஒழுங்காகப் பிடிக்கத் தேனீ பல முறை வந்து போக வேண்டும். அந்த நேரத்தில் மேலிருந்து தண்ணீர் தெளித்தால் மகரந்தம் நனையும், தேனீயும் வராது. பூக்கும் நாட்களில் தண்ணீரைத் தரையோடு விடுங்கள். கொடி இலையாகவே தழைத்துக்கொண்டு போனால் தழை உரத்தையும் தண்ணீரையும் சேர்த்துக் குறையுங்கள்.

காயின் நுனி கறுத்து அமுங்குகிறது

பூ இருந்த முனையில் முதலில் பழுப்பாக ஒரு வட்டம், பிறகு தோல் போல் இறுகிய கறுப்புப் பள்ளம். பார்த்தால் நோய் மாதிரி இருக்கும். ஆனால் இது சுண்ணாம்புச் சத்து அந்த முனைக்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலான தோட்டங்களில் மண்ணில் சுண்ணாம்பு இருக்கவே செய்கிறது. ஏற்றிச் செல்லும் தண்ணீர்தான் சீராக இல்லை. சுண்ணாம்பு நீரோட்டத்தோடுதான் மேலே ஏறும். ஈரத்தை அதிகம் வெளிவிடும் இலைக்கு முதலில் போகும், காயின் கோடிக்குக் கடைசியில் போகும். இலைக்குள் போனது திரும்பிக் காய்க்கு வராது. பிஞ்சு வேகமாகப் பருக்கும் நாட்களில் நான்கு நாள் காய்ந்தால்கூட அந்தக் கோடி பட்டினி கிடக்கும். சார்ல்ஸ்டன் கிரே போன்ற நீளக் காய் ரகங்களில் இது கூடுதலாக வருவதற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்வார்கள். அது மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. இலையில் சுண்ணாம்புக் கரைசல் தெளிப்பதும் காயைப் போய்ச் சேராது. பாதித்த பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள், கொடி அடுத்ததற்குச் சத்தை அனுப்பட்டும். மூடாக்குப் போட்டு, தண்ணீர் விடும் நாட்களைக் குறித்து வைத்துச் சீராக்குங்கள். தழை உரத்தை நிறுத்துங்கள். அடுத்து வரும் பிஞ்சுகள் நன்றாக இருக்கும்.

நுனி கறுக்காமல், சூம்பிச் சுரைக்காய்க் கழுத்து மாதிரி ஒடுங்கியிருந்தால் அது மகரந்தம் போதாத காய். தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காய் வெடிக்கிறது

பாரம்பரிய ரகங்களில் மனதை அதிகம் நோகடிப்பது இதுதான். 80 நாள் காத்திருந்து, பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது காலையில் போய்ப் பார்த்தால் காய் பிளந்து கிடக்கும். கடைக்குப் போகும் ரகங்கள் வண்டிப் பயணத்தைத் தாங்கத் தடித்த தோலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் வீட்டு ரகங்கள் ருசிக்காக விதை காத்தவை. பிராட்ஃபோர்டு, கிரீம் ஆஃப் சஸ்காட்சுவான் போன்றவற்றின் தோல் அவ்வளவு மெல்லியது. நன்றாகப் பழுத்த காய் கத்தி பட்டதுமே பிளந்துகொள்ளும்.

வறட்சியில் தோல் இறுகிவிடுகிறது. அப்புறம் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் உள்ளே சதை பருக்கும் வேகத்துக்குத் தோலால் விரிய முடிவதில்லை. ஆகவே வெடித்த அன்று ஊற்றிய தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தைய பத்து நாள் காய்ச்சலும் சேர்ந்துதான் வெடிக்க வைத்தது. காய்ந்த மண்ணில் பெருமழை வரும் போலிருந்தால், முந்தைய நாளே கொஞ்சம் தண்ணீர் விட்டு மண்ணைப் பதப்படுத்துங்கள். பிறகு வேர் மேல் தார்ப்பாயை விரித்து, மழைநீரை வெளியே ஓடவிடுங்கள். முற்றிய காய் இருந்தால் மழைக்கு முன் பறித்துவிடுங்கள்.

இரவெல்லாம் வேர் உறிஞ்சியதால் காலையில் காய் முறுக்கேறி இருக்கும், லேசாகத் தட்டினாலே பிளக்கும். மெல்லிய தோல் ரகங்களைச் சாயங்காலம் பறியுங்கள். வெடித்த காய் பழுத்திருந்து, ஈ மொய்க்காமல் அப்போதே கண்டுவிட்டால் சாப்பிடலாம். உள்ளே விதை கறுத்தோ பழுப்பாகவோ அந்த ரகத்தின் முழு நிறத்துக்கு வந்திருந்தால் எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள்.

காயின் அடிப்பக்கம்

தரையில் படும் இடம் வெளிறியிருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். அது கொழகொழத்தால்தான் அழுகல். காய்க்கு அடியில் ஓடு, பலகை அல்லது காய்ந்த வைக்கோல் வையுங்கள்.

தொட்டியில் வளர்ப்பது

சுகர் பேபி போன்ற சின்னக் காய் ரகத்துக்கே குறைந்தது 40 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி வேண்டும். வெயில் நாட்களில் தினமும் தண்ணீர், காய் பருக்கும்போது காலை மாலை இரு வேளையும். தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வெளியே வரும்வரை ஊற்றுங்கள். ஊற்றிய உடனே வந்துவிட்டால் மண் காய்ந்து சுருங்கி, ஓரமாக வழிந்து போகிறது. அப்போது மேலே சொன்னபடி சுற்று சுற்றாக நனைக்க வேண்டும்.

பழம் பெரிதாக இருக்கிறது, இனிப்பில்லை

தர்பூசணியில் நூற்றில் சுமார் 92 பங்கு தண்ணீர். கடைசி நாட்களில் தண்ணீரைக் கொட்டினால் சர்க்கரை நீர்த்துப் போகும். காய் முழு அளவுக்கு வந்த பிறகு, பறிக்க 7 முதல் 10 நாள் இருக்கும்போது, தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். முழுவதும் நிறுத்தாதீர்கள். காலையில் இலை வாடும் அளவுக்குப் போனால் இலை சர்க்கரை செய்வதையே நிறுத்திவிடும், பிறகு இனிப்பு எங்கிருந்து வரும்? உள்ளே சதை பிளந்து குழி விழுந்திருந்தால் மகரந்தக் குறையும் பூத்த காலத்துக் குளிரும்தான் பெரும்பாலும் காரணம், தாறுமாறான தண்ணீர் அதைக் கூட்டும்.

எப்போது குறைப்பது என்பதற்குப் பிஞ்சு பிடித்த நாளைக் குறித்து வைப்பதே நல்லது. பெரும்பாலான ரகங்கள் அங்கிருந்து 35 முதல் 45 நாளில் பழுக்கும். காய்க்காம்பை ஒட்டிய சுருள் காய்ந்து, தரை பட்ட வெள்ளை இடம் வெண்ணெய் மஞ்சளுக்கு மாறி, தட்டினால் மந்தமான ஒலி வந்தால் பறிக்கலாம். பறித்த அன்றே, கொடியில் இன்னும் பருக்கும் பிஞ்சுகள் இருந்தால் அவற்றுக்காகத் தண்ணீரைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் அல்ல, மூன்று நாளில்.